14,350 ரூபாயும் ஒரு வெள்ளிக் கோப்பையும்

திருவாலங்காட்டில் விடியற்காலை ரக்பி ஆடும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில்தான் எனக்குச் சேதி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடி, அணியின் கையிருப்பு 14,350 ரூபாயை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இரண்டு பந்துகளைப் பள்ளிக்கூடத்து பி.டி. சாரிடம் ஒப்படைத்துவிட்டு, இத்தோடு முடித்துக்கொள்ளப் போகிறீர்களாம். என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன் என்று பயந்திருப்பீர்கள். எழுத்தில் கத்தினால் சத்தம் வராது, அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதியை டீக்கடைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஊரும் படிக்கட்டும்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. பதினான்கு பேராக இருந்தீர்கள். இரண்டு பேர் அக்னிவீர் தேர்வில் ஜெயித்துப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி போலீஸ் பயிற்சியில் இருக்கிறாள். ஒருத்தன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்து அங்கேயே ரூம் எடுத்துவிட்டான். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சம் ஒன்பது பேர். அதிலும் காக்களூரில் நைட் ஷிப்ட் முடித்து முதல் வண்டியில் வந்து இறங்குகிறவன், பாதி நாள் கோல் கம்பத்தில் சாய்ந்தே தூங்குகிறான். அணி கலைந்துவிட்டது, பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்கிறீர்கள். போனவர்களையும் சேர்த்துப் பதினான்காக வகுத்து ஆளுக்கு 1,025 என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். போனவன் பங்கையும் மறக்காமல் வகுத்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஆள் போனதால் அணி கலைந்துவிட்டது என்கிறீர்களே, அங்கேதான் தப்பு. படையில் ரக்பி ஆடியவர்களின் பழைய கதை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இப்படி நினைக்கமாட்டீர்கள். அந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் செய்யலாம், தோளுக்குக் கீழேதான் டேக்கிள் செய்யலாம் என்று விதியை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

லண்டனை ஒட்டி, தேம்ஸ் ஆற்றங்கரையில் வூலிச் என்று ஒரு இடம். 1741ல் அங்கே ஒரு ராணுவக் கல்லூரி தொடங்கினார்கள். பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளை உருவாக்குகிற இடம். முதலில் பட்டறைக் கட்டடம் ஒன்றில் நடந்ததால் அதற்கு 'ஷாப்' என்றே பட்டப்பெயர். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் அதிகாரியாகிப் போய்விடுவார்கள். நம் பக்கத்துக்கு வந்த பொறியாளர்கள் ஒரு காலத்தில் வேறொரு கல்லூரியில் படித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1809 முதல் 1861 வரை அடிஸ்கோம்ப் என்ற ஊரில் நடத்திய கல்லூரி அது. முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் அங்கே படித்தவர்தான். அவர் படித்த காலத்தில் ரக்பி என்பது ஒரு ஊரின் பெயர், அந்த ஊரில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பந்தாட்டம் பள்ளிக்கொரு விதியாக இருந்தது. ஒரு பள்ளியில் பந்தைக் கையில் எடுக்கலாம், இன்னொன்றில் தொட்டால் குற்றம். ரக்பி பள்ளிப் பையன்கள் 1845லேயே தங்கள் விதிகளை அச்சடித்துவிட்டார்கள். பல பள்ளிகளிலிருந்து வந்த பையன்களை ஒரே கல்லூரியில் கொண்டுவந்து போட்டால் என்ன நடக்கும்? பழையனூர்ப் பையனும் மணவூர்ப் பையனும் கோலி ஆடுகிற மாதிரிதான். ஆட்டத்துக்கு முன்னால் பாதி நேரம் விதிச் சண்டை. 1863ல் கால்பந்துக்காரர்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். 1871 ஜனவரி 26 அன்று லண்டனில் ஒரு உணவு விடுதியில் 21 கிளப்புகள் கூடி ரக்பி யூனியன் தொடங்கின. வாஸ்ப்ஸ் என்ற அணியின் ஆள் தப்பான கடைக்குப் போய் உட்கார்ந்து, குடித்துவிட்டு, கூட்டத்தையே தவறவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம் அணியிலும் அரக்கோணம் என்று சொன்னால் ஆவடியில் போய் இறங்குகிறவன் உண்டு.

வூலிச்சில் படித்துப் பொறியாளர் படைக்குப் போனவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹென்றி ரென்னி டெய்லியர். பிறந்தது நம் நாட்டு முசூரியில், 1849ல். 1870ல் படையில் சேர்ந்தார். 1872 பிப்ரவரி 5 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். அன்று எதிரில் இங்கிலாந்து அணியில் நின்ற டி'அகிலார் அதே பொறியாளர் படைக்காரர். முந்தின நாள் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள், மறுநாள் சேற்றில் ஒருத்தர் மேல் ஒருத்தர். அடுத்த வருடம் மார்ச்சில் அதே மைதானத்தில் ரென்னி டெய்லியர் ஸ்காட்லாந்துக்காகக் கால்பந்து ஆடி, அந்த நாட்டின் முதல் கோலையும் அடித்தார். ரக்பி, கால்பந்து இரண்டிலும் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர் அவர் ஒருவர்தான். 1875ல் அவர் இருந்த பொறியாளர் படை அணி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது. இத்தனைக்கும் அவர்கள் சம்பளத்துக்குப் பாலம் கட்டுகிறவர்கள். நம்மில் ஒருத்தன் கபடியும் ஆடி ரக்பியும் ஆடினால், இரண்டு கோச்சும் முறைத்துக்கொள்வதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1870களின் ஆட்டத்தை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. ஒரு பக்கத்துக்கு 20 பேர். நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தில் 15 பேர் என்று குறைத்தது 1877ல்தான். பந்தின் உள்ளே பன்றியின் மூத்திரப்பை, அதற்கு வாயால்தான் காற்று ஊத வேண்டும். ரக்பி ஊரில் பந்து தைத்து விற்ற ரிச்சர்ட் லிண்டனின் மனைவி இப்படி ஊதி ஊதியே நோய் வந்து செத்தார் என்பார்கள். லிண்டன் ரப்பர்ப் பை செய்யவும் காற்றடிக்கும் பம்ப் செய்யவும் கிளம்பியது அதனால்தானாம். இன்னொன்று: கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் நீங்கள் 'ட்ரை' என்று கூவிக் குதிக்கிறீர்களே, அன்று அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. கம்பத்துக்கு மேலே உதைத்துப் பார்க்க அனுமதி, அவ்வளவே. அதனால்தான் அதற்கு 'முயற்சி' என்று பெயர். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு வருடத்தில் நம் அணி எடுத்தது பூஜ்யம். காலைத் தூக்கி ஆடியே காளியை ஜெயித்த சாமியின் ஊரில், ரத்தின சபைக்கு அரை மைல் தூரத்தில், உதைக்க வந்தவன் எல்லாம் கம்பத்துக்கு இடது பக்கம் கரும்பு லாரிமேல் அடிக்கிறான். டிரைவர்கள் பந்தைத் திருப்பித் தருகிறார்களே, அதுவே பெரிது.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவக் கல்லூரி அணி என்றால் என்ன அர்த்தம்? போகப்போகிறவர்களை மட்டுமே வைத்துக் கட்டிய அணி. நன்றாக ஆடத் தெரிந்துகொள்வதற்குள் படிப்பு முடிந்துவிடும். நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 சீனச் சண்டைக்குப் பிறகு, 1963ல் ஆரம்பித்தது. 1992லிருந்து பெண்களும் பயிற்சி எடுக்கிறார்கள் (தங்கச்சிகள் இதைக் குறித்துக்கொள்ளவும்). அங்கே பயிற்சி ஒரு வருடம்கூட இல்லை. இந்த வருடம் ஓடுகிற கால் ஒன்றும் அடுத்த வருடம் அங்கே இருக்காது. எந்த ஆட்டமானாலும் அணி இருக்கும், ஆள் இருக்கமாட்டான். ஆள் போவதால் அணி கலையும் என்றால், உலகத்தில் எந்தப் படைப் பள்ளியிலும் இரண்டாவது வருடம் ஒரு விசில்கூட ஊதியிருக்க முடியாது.

அப்படியானால் எது நிற்கிறது? பிரிட்டனின் தரைப்படையும் கடற்படையும் முதல் தடவை ரக்பி ஆடியது 1878ல், ஓவலில். ஆண்டுதோறும் ஆட ஆரம்பித்தது 1907ல். 1906ல் படைக்கென்று ஒரு ரக்பி சங்கம் வைத்து, தேதி குறித்து, பெயர் எழுதி, பெட்டியில் பணம் வைத்த பிறகுதான் அது நடந்தது. நடுவில் 29 வருடம். நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத 29 வருடம் அது.

இப்போது கல்கத்தா. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான்.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு ஆட்டம் ஆடினார்கள். இங்கிலாந்துக்காரர் 20 பேர் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து 20 பேர் இன்னொரு பக்கம். பிடித்துப்போய் ஒரு வாரத்துக்குள் திரும்பவும் ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் தொடங்கியது, 1874ல் லண்டன் ரக்பி யூனியனில் சேர்ந்தது. வியாபாரிகள், அதிகாரிகள், அவர்களோடு படைக்காரர்கள். ஊரில் ரெஜிமென்ட் இருந்தவரை ஆட்டம் களைகட்டியது. ரெஜிமென்ட் வேறு ஊருக்குக் கிளம்பியதும் ஆள் குறைந்தது. வெயில் வேறு. டென்னிஸும் போலோவும் வந்து மிச்சப் பேரை இழுத்துக்கொண்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளப்பில் இலவசமாக ஊற்றிக்கொண்டிருந்த பாரை நிறுத்திவிட்டார்கள், உறுப்பினர் கூட்டம் மளமளவென்று கரைந்தது. ஆட்டத்துக்கு வந்தவன் எத்தனை பேர், பாட்டிலுக்கு வந்தவன் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். நான்கே வருடத்தில் கிளப் இன்று நீங்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. ஆளில்லை. பாங்கில் கொஞ்சம் பணம் மட்டும் இருக்கிறது.

கிளப்பின் காப்டன், செயலாளர், பொருளாளர் மூன்றும் ஒருவரே. ஜேம்ஸ் ரோத்னி. ஆள் இல்லாத அணியில் மூன்று வேலையும் ஒருத்தன் தலையில்தான் விழும், உங்களுக்கே தெரியும். இந்திய எறும்புகளைத் தேடித் தேடிச் சேகரித்து ஆராய்ந்த மனிதர் அவர். எறும்பு பார்க்கிறவருக்குச் சேமிப்பு புரியாதா? 1877 டிசம்பர் 20 அன்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். கிளப்பைக் கலைக்கிறோம், பணத்தைப் பங்கு போடவில்லை, கோப்பையாகச் செய்து தருகிறோம், வருடா வருடம் அதற்காக ஆடுங்கள் என்று. பாங்கிலிருந்து வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, இங்கேயுள்ள கைவினைஞர்களை வைத்தே செய்தார்கள். 270 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அன்றைய ரூபாய் ஒன்று ஒரு தோலா, அதாவது பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒன்றரை அடி உயரம். கைப்பிடி மூன்றும் படமெடுத்த நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. 1878ல் லண்டன் போய்ச் சேர்ந்தது. கிளப்புகளுக்குள் போட்டி வைப்பார்கள் என்று கல்கத்தாக்காரர்கள் எதிர்பார்த்தார்கள், யூனியன் அதற்கு ஒப்பவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டு நாட்டுக்கும் இடையில் வைத்தது. 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் முதல் ஆட்டம். ஒருவருக்கும் வெற்றியில்லை. இன்றுவரை இரண்டு நாடும் அந்தக் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருக்கின்றன. அதன் பெயர் இன்னும் கல்கத்தா கோப்பைதான்.

அந்த வெள்ளைக்காரர்களை உங்களுக்கு உதாரண புருஷர்களாகக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். தேதியைத் திரும்பப் பாருங்கள். 1877 டிசம்பர். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன பஞ்சத்தின் காலம் அது. 1876லிருந்து 78 வரை சென்னை மாகாணம் வெந்தது. பல லட்சம் பேர் செத்தார்கள். வட ஆற்காடு வறண்டது, நாம் அப்போது அந்த மாவட்டம். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டிய கைகள் பஞ்ச நிவாரணத்துக்கு வந்த கைகள். 1877ல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணாக் காசு. அதை வாங்கி மண் வெட்டியவர்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். 270 ரூபாய்க்கு 4,320 அணா. 4,320 பேரின் ஒரு நாள் காசுக்கூலி அந்த நாகக் கைப்பிடியில் இருக்கிறது. அந்த மைதானத்தில் நம்மவர்களுக்கு இடம் கோட்டுக்கு வெளியேதான் இருந்திருக்கும், பந்து பொறுக்கிக் கொடுக்க. கோப்பையை நினைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள் என்கிறேன். அவர்கள் அன்று பங்கு போட்டிருந்தால், அப்படியொரு கிளப் இருந்ததே இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பங்கு போட்ட கதை ஒன்றும் எனக்குத் தெரியும். நானே போட்டவன்.

1991. எங்கள் படைப்பிரிவில் ஒரு அணி இருந்தது. பதினைந்து பேர். மிசோரம் பையன் ஒருத்தன், சர்தார்ஜி இரண்டு பேர், மலையாளி, மராத்தி, நான். ஹிந்தியில் திட்டிக்கொள்வோம், அவனவன் பாஷையில் சாமி கும்பிடுவோம். பிரிவு இடம் மாறியது, பாதிப் பேர் வேறு பக்கம். கடைசி நாள் கையிருப்பை எண்ணினோம், 1,245 ரூபாய். ஆளுக்கு 83. எல்லாரும் சேர்ந்து போய் பிரியாணி சாப்பிட்டோம். பிரியாணி நன்றாகவே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பதினைந்து பேரின் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். பதினொன்றோடு நின்றுவிட்டது. என் காறை எலும்பு உடைந்த அன்று என்னைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினானே ஒருத்தன், அவன் முகம் தெரிகிறது, மீசை தெரிகிறது, அவன் மேல் அடித்த கடுகெண்ணெய் வாசனைகூட வருகிறது. பெயர் வரவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அணி இருந்ததற்கு இன்றைக்குச் சாட்சி, குளிர்காலத்தில் வலிக்கிற இந்த எலும்பு ஒன்றுதான்.

ஆள் ஒன்பதுதான் என்று சொல்கிறீர்கள். நீங்கள் ஆடுகிற செவன்ஸ் ஆட்டம் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்று ஒரு சின்ன ஊர். 1883ல் அந்த ஊர் கிளப்பின் பெட்டி காலி. கறிக்கடையில் வேலை செய்துகொண்டே ரக்பி ஆடிய நெட் ஹெய்க் என்பவர், விளையாட்டு விழா வைத்து வசூல் செய்யலாம் என்றார். ஒரே மத்தியானத்தில் இத்தனை அணிகளை முழு ஆளோடு ஆடவைக்க முடியுமா? ஆளை ஏழாகக் குறை, நேரத்தைக் குறை என்று முடிவானது. பணமில்லாத கிளப்பில் கறிவெட்டுகிறவர் யோசித்தது, 2016ல் ஒலிம்பிக்குக்குள் போய்விட்டது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் ஃபிஜிக்கு. ஃபிஜி ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கமே அதுதான்.

ஃபிஜி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தத் தீவில் 1884 வாக்கில் முதலில் ரக்பி ஆடியவர்கள், பா என்ற ஊரில் இருந்த காவல்படைச் சிப்பாய்கள், வெள்ளையரும் ஃபிஜியருமாக. பா ஒரு சர்க்கரை ஊர், ஆலை உண்டு. 1903லிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி அந்தக் கரும்புக் கொல்லைகளுக்குப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். நம் கரும்பு லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தன் அங்கே வெட்டுக்கத்தியோடு வரப்பில் நின்று சிப்பாய்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து, இவனுங்களுக்கு வேற வேலை இல்லையா என்று கேட்டிருப்பான் என்று. நம் பெரியவர்கள் இன்று கேட்கிற அதே கேள்வி. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். சடுகுடுவில் தொடைப்பிடி போட்டுப் பழகியவள் டேக்கிளுக்குப் போகிற அழகைப் பார்த்தால் தானே புரியும். "பட்டுகோரா!" என்று தெலுங்கில் ஒருத்தன் கத்த, தமிழில் ஒருத்தி பிடிக்கிற ஆட்டம் இந்த எல்லைப்புறத்தை விட்டால் வேறெங்கே உண்டு?

நம் ஆரம்பத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். படைத் தேர்வுக்குப் பழக வந்தவர்கள்தான் நீங்கள். அந்த நவம்பர் மழையில் 1,600 மீட்டர் ஓட முடியாமல், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டப் பழகிய இடம் குட்டையாகிவிட, சும்மா நிற்காதீர்கள் என்று என் பழைய பந்தைத் தூக்கிப் போட்டேன். பத்து நாளில் அது வெடித்தது. புதுப்பந்து வாங்கக் காசு சேரும் வரை மூன்று வாரம் உரிக்காத தேங்காயில் பழைய வேட்டியைச் சுற்றி ஆடினீர்கள். ரக்பி பந்து அரை கிலோகூட வராது. அந்தத் தேங்காய் ஒன்றரைக் கிலோ. விரல் வீங்காதவர் இல்லை. ஆனால் பிடி விட்டால் காலில் விழுமே என்ற பயத்தில் ஒருத்தரும் பந்தை நழுவவிடவில்லை. அந்த மூன்று வாரத்தில் கற்ற பிடிதான் பொங்கல் போட்டியில் பரிசுப் பணம் வாங்கித் தந்தது. அந்தப் பணத்தைத்தான் இப்போது வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள், அட்டை போட்டது. பதினான்கு பெயரையும், என்றைக்கு வந்தார், என்றைக்கு எங்கே போனார் என்பதையும் எழுதுங்கள். நம் ஊர்ச் செப்பேடுகள் 31ஐயும் வளையத்தில் கோத்து முத்திரை வைத்திருந்ததால்தான், 1905ல் கிடைத்தபோது ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த கணக்கு நமக்குக் கிடைத்தது. பழையனூர்க்காரன் ஒருத்தன் உங்களில் இருக்கிறான், கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கிய கதையை வாய் ஓயாமல் சொல்வான். தீயில் எல்லாம் இறங்க வேண்டாம், நோட்டை அவன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கோட்டுக்கு வெளியே நின்று பந்து எடுத்துப் போடுகிற ஏழாவது, எட்டாவது படிக்கிற வாண்டுகள் பன்னிரண்டு பேரை எண்ணியிருக்கிறேன். அவர்களுக்குச் சின்ன சைஸ் பந்து மூன்று, பல்லுக்குப் போடும் கார்டு பன்னிரண்டு. பாதிப் பணம் இதற்குப் போகும். மீதி போஸ்ட் ஆபீஸில் இருக்கட்டும்.

மூன்றாவது, காணும் பொங்கலன்று ஒரு ஆட்டம். லீவில் வருகிறவர்கள் ஒரு பக்கம், ஊரோடு இருப்பவர்கள் இன்னொரு பக்கம். வருடா வருடம். லீவ் கிடைக்காதவன் பெயரையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் எந்த ஊரில் இருந்தான் என்று குறியுங்கள். கல்யாணமாகிப் போனவளும் தாய்வீட்டுக்கு வரும் நாள்தான் அது. அவள் ஆடலாமா கூடாதா என்று அவள் மாமியார் வீட்டில் பேசுகிற வேலையை என் வீட்டுக்காரம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

உங்களில் ஒருத்தனுக்கு அடுத்த மாதத் தேர்வுக்குப் போய்வரச் செலவுக்குப் பணம் தேவை, அதனால்தான் இந்தப் பேச்சே கிளம்பியது என்றும் டீக்கடையில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் என் வீட்டுக்கு வரட்டும். அணிப் பணத்தைத் தொட வேண்டாம். என் பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடும், திருப்பித் தருவதை வேலை கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கோப்பைக்கு வெள்ளி வாங்க நம்மால் ஆகாது. நான் படையில் டீ குடித்த எனாமல் மக் ஒன்று பரணில் இருக்கிறது. அடியில் கறுத்து, கைப்பிடி ஒரு பக்கம் நசுங்கிப்போனது. அதுதான் நம் கோப்பை. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1988ல் ஆட்டம் முடிந்த ராத்திரி, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் குடித்துவிட்டு அந்த நூறு வருடத்துக் கல்கத்தா கோப்பையையே எடின்பரோ தெருவில் பந்தாக உதைத்து நெளித்தார்கள். ஒருவருக்கு ஒரு ஆட்டம் தடை, இன்னொருவருக்கு ஆறு மாதம். தட்டி நிமிர்த்தி அதற்கே திரும்பவும் ஆடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மக்கோடு மைதானத்துக்கு வருகிறேன். வரும்போது பம்பை எடுத்து வாருங்கள். காற்றடிக்கிற ஊசி என்னிடம்தான் இருக்கிறது, சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி எச்சில் தொடாமல் வறட்டு ஊசியைச் செருகி வால்வைக் கிழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மில் ரோட்டு மிலிட்டரிக்காரர்
திருவாலங்காடு